எண்ணெய் பூசிய லெப்டொப்

என் அண்ணன் சேவியருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன என்று டொக்டர் சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை. நான் அன்று அழவில்லை. அழுவதற்கு எனக்குப் பொறுமை இல்லை. "என்னோடத எடுங்க டொக்டர், இன்னைக்கே எடுங்க" என்று அவருடைய மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணன் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"உட்காரு பாப்பா. அவரு கத்தியக் கையிலயா வச்சிருக்காரு?"

நான் அப்படிப்பட்டவள். இந்தச் சாட்சியை எழுத உட்கார்ந்ததிலிருந்து மூன்று தரம் எழும்பி வாசல் வரைக்கும் போய் வந்துவிட்டேன். பொறுமைசாலி ஒருத்தியின் அனுபவம் என்று நினைத்து யாரும் இதை வாசிக்க வேண்டாம். பொறுக்கத் தெரியாத ஒருத்திக்குக் கர்த்தர் எப்படி இரங்கினார் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

என் பெயர் ஸ்டெல்லா. உக்குவளையில் பாலர் பாடசாலை ஒன்றில் டீச்சராக இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது எல்கடுவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். அண்ணன் இன்னும் அங்கேதான், தேயிலை ஃபெக்டரியில் வேலை. நோய் வந்த பிறகு கிழமைக்கு இரண்டு நாள் கண்டிக்குப் போய் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வருவார். திரும்பி வரும்போது பஸ்ஸிலிருந்து இறங்கக்கூட ஆள் பிடிக்க வேண்டும். தேயிலை மூட்டையைத் தனியாகத் தூக்கிய மனுஷன்.

எனக்குப் பரிசோதனை எல்லாம் செய்தார்கள். இரத்தம் பொருந்தியது, மற்றதும் பொருந்தியது. ஸ்தோத்திரம் என்று கையைத் தூக்கினேன். அப்போதுதான் ஆஸ்பத்திரியில் கடதாசிகளைப் பார்க்கும் மிஸ் எங்கள் இருவரின் பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இதுல அம்மா வேற, அப்பா வேறயா இருக்கே. நீங்க கூடப் பிறந்தவங்கன்னு சொன்னீங்களே?"

உண்மையில் கூடப் பிறந்தவள்தான். ஆனால் எங்கள் சித்திக்குப் பிள்ளை இல்லை. நான் பிறந்த மூன்றாம் மாதம் என் அம்மா என்னைத் தூக்கித் தன் தங்கையின் மடியில் கொடுத்துவிட்டார். எங்கள் தோட்டத்தில் அப்படிக் கொடுப்பது புதிதில்லை. வழக்குமில்லை, கையெழுத்துமில்லை. பிறப்புப் பதிவு பிந்தித்தான் நடந்தது. அப்போது சித்தியும் சித்தப்பாவும் தங்கள் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். நானும் சித்தியை அம்மா என்றேன், பெற்றவளைப் பெரியம்மா என்றேன். லயத்து வீடுகளில் எல்லாருக்கும் உண்மை தெரியும். அதனால் யாரும் அதை ஒரு விஷயமாகவே பேசியதில்லை. இப்போது பெற்றவர்கள், வளர்த்தவர்கள் நால்வரில் ஒருவரும் உயிரோடு இல்லை.

அந்த மிஸ் மேல் பிழை சொல்ல மாட்டேன். சிறுநீரகத்தை விற்பவர்களும் இருக்கிற காலம், அவர் கேட்கத்தான் வேண்டும். உறவுக்கு எழுத்தில் ஆதாரம் இல்லாவிட்டால் வெளியாள் கொடுப்பதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், அதற்கு வேறொரு குழு, வேறு விசாரணை, மாதக்கணக்கில் போகும் என்றார். மரபணுப் பரிசோதனை செய்யலாமே என்று கேட்டேன். அதற்கும் ஒரு வரிசை இருந்தது. அண்ணனுக்கு அவ்வளவு நாள் இல்லை என்று டொக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

ஒரே ஒரு ஆதாரம் இருந்தது. என்னைச் சித்தியிடம் கொடுப்பதற்கு முன்னால், நாற்பதாம் நாளில், தோட்டத்துக் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்திருந்தார்கள். அந்தப் பதிவேட்டில் பெற்ற தாய் தகப்பன் பெயர் இருந்தது. நான் என் கண்ணால் பார்த்தது. சில வருஷங்களுக்கு முன் போதகர் ஐயா, "ஸ்டெல்லா, இந்தப் பழைய புத்தகத்தைப் பூச்சி தின்னுது, ஃபோட்டோ எடுத்து வை" என்று சொல்ல, ஒவ்வொரு பக்கமாக எடுத்து என் லெப்டொப்பில் போட்டு வைத்திருந்தேன். அதற்குப் பிறகு ஒரு மழையில் கோயில் பின்சுவர் சரிந்து பதிவேடு சேற்றோடு போய்விட்டது. வேறு பிரதி எடுத்து வைத்தாயா என்று கேட்காதீர்கள். நாளைக்கு, நாளைக்கு என்று இருந்துவிட்டேன். எல்லாவற்றிலும் அவசரப்படுகிற நான் அந்த ஒன்றில் மட்டும் ஆற அமர இருந்திருக்கிறேன்!

அந்த லெப்டொப் எங்கே இருந்தது? என் வீட்டு அலுமாரிக்கு மேலே. அதற்கு நேர் மேலே கூரைத் தகரம் ஒழுகியிருந்தது. எடுக்கும்போது பையிலிருந்து தண்ணீர் சொட்டியது. துணியால் துடைத்தேன், வெயிலில் வைத்தேன், ஒரு நாள் முழுக்க அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். பொத்தானை அமத்தினேன். விசிறி சுற்றியது. உள்ளே 'டிக், டிக்' என்று ஒரு சத்தம். திரை கறுப்பாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன். ஜெபக்குழுவை நடத்துகிற மேரி அக்கா அதை மேசையில் வைத்து, நோயாளிக்குப் பூசுகிற ஜெப எண்ணெய்ப் போத்தலை எடுத்தார். நாங்கள் பதினொரு பெண்கள் சுற்றி நின்று கை வைத்தோம். மேரி அக்காவுக்கு எதையும் கொஞ்சமாகச் செய்யத் தெரியாது. எண்ணெய் எழுத்துக் கட்டைகளுக்கு இடையால் உள்ளே இறங்கியது. ஜெபம் முடிந்ததும், "அமத்து ஸ்டெல்லா, விசுவாசத்தோட அமத்து" என்றார். அமத்தினேன். மறுபடியும் 'டிக், டிக்'.

"உயிர் வருது! இதயம் அடிக்குது பாருங்க!" என்றார் மேரி அக்கா. எல்லாரும் கண்ணீரோடு ஸ்தோத்திரம் சொன்னோம்.

அதற்குப் பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. காலையில் ஒரு ஜெபம், ஒரு அமத்தல். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு ஜெபம், ஒரு அமத்தல். படுக்கும் முன்னும் அப்படியே. இரண்டு கிழமையில் எத்தனை தரம் என்று எனக்கே தெரியாது. அண்ணனிடம் சொன்னபோது கட்டிலில் படுத்தபடியே சிரித்தார்.

"ஏன் பாப்பா, அதுக்கென்ன பேயா புடிச்சிருக்கு, எண்ணெ பூசி ஓட்ட? மிஷின் செய்றவன்கிட்ட கொண்டு போயேன்."

எனக்குக் கோபம் வந்தது. விசுவாசம் இல்லாமல் பேசுகிறாரே என்று. மூன்று நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. சாகக் கிடக்கிற மனுஷனோடு கோபம்! இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் உள்ளதைச் சொல்லாமல் சாட்சி சொல்லி என்ன பயன்.

கடைசியில் மாத்தளை டவுனில், பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட மாடியில் லெப்டொப் திருத்துகிற ஃபைஸர் நானாவிடம் கொண்டு போனேன். அமைதியான மனுஷர். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். அடிப்பக்கத்து மூடியைக் கழற்றினார். விரலைத் தொட்டு மணந்து பார்த்தார்.

"டீச்சர், இதுல என்ன, சமையல் செஞ்சீங்களா?"

எண்ணெய்க் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எத்தனை தரம் அமத்தினேன் என்று மட்டும் கேட்டார். நிறையத் தரம் என்றேன். சத்தம் வந்ததா என்றார். வந்தது, நாங்கள் அதைக் கேட்டு ஸ்தோத்திரம் செய்தோம் என்றேன். அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டார்.

"எண்ணெ பரவாயில்ல டீச்சர், அது தொடச்சா போகும். ஆனா அந்தச் சத்தம் நல்லதுக்கு வாரதில்ல. உள்ளுக்கு ஒரு வட்டத் தட்டு ஈக்கு. அதுலதான் உங்கட ஃபோட்டோவெல்லாம். அதப் படிக்கிற முள்ளு பழுதாப் போய் இடிக்குது. நீங்க அமத்துற ஒவ்வொரு முறையும் அது தட்டச் சுரண்டியிருக்கும்."

அண்ணனின் உயிர் அந்தத் தட்டில் இருக்கிறது. நான் ஜெபம் பண்ணிப் பண்ணி என் கையாலேயே அதைச் சுரண்டியிருக்கிறேன். படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கீழே வடை விற்கிறவர் எட்டிப் பார்த்தார்.

ஃபைஸர் நானா தண்ணீர் கொடுத்தார். "துஆ கேக்குறத விட வேணாம் டீச்சர். கை வைக்கிறத மட்டும் விடுங்க. நான் இத வெளிய எடுத்து, மெதுவா, கொஞ்சங் கொஞ்சமா வேற டிஸ்க்குக்கு கொப்பி எடுக்கப் பாக்கிறேன். சூடானா நிப்பாட்டி ஆற விடணும். பத்து நாள் போகும். வருமா வராதாண்டு இப்ப சொல்லேலா. நானே கோல் எடுக்கிறேன்."

பத்து நாள்! முதல் நாளே மூன்று கோல் எடுத்தேன். இரண்டாம் நாள் பஸ் ஏறிப் போய் நின்றேன். நான்காம் நாள் மறுபடியும் போனேன். ஐந்தாம் நாள் அவர் ஃபோனைத் தூக்கவில்லை, நான் அவரைப் பற்றி நினைத்தவற்றை இங்கே எழுத முடியாது. அந்தக் கிழமை அண்ணனுக்கு மூச்சு வாங்கி ஆஸ்பத்திரி வார்டிலேயே நிற்பாட்டி வைத்துவிட்டார்கள். முகம் ஊதி, கண் இடுங்கி, "பாப்பா, உன் பள்ளிக்கூடத்தப் பாரு" என்றார். எனக்குத் தாங்கவில்லை. கண்டியில் ஒரு கடையில் ஒரே நாளில் எடுத்துத் தருகிறார்களாம் என்று யாரோ சொன்னதும், ஏழாம் நாள் டிஸ்க்கைத் திருப்பி வாங்கிக்கொண்டு போகவே மாத்தளைக்குப் புறப்பட்டேன்.

மேசையில் என் டிஸ்க் ஒரு சின்னப் பெட்டியோடு வயரில் தொடுத்திருந்தது. திரையில் ஒரு இலக்கம். கொப்பி ஆனது அறுபத்திரண்டு வீதம்.

"தாங்க நானா, நான் கொண்டு போறேன்."

"இப்ப கழட்டினா இது திரும்ப எழும்பாது டீச்சர்."

"உங்களுக்கென்ன? படுத்திருக்கிறது என் அண்ணன்!"

கத்திவிட்டேன். அந்த நேரம் பள்ளிவாசலில் பாங்கு சொன்னது. அவர் எழும்பிக் கையைத் துடைத்தார்.

"நான் தொழுதிட்டு வர இருபது நிமிஷம் செல்லும். கடையப் பூட்ட மாட்டேன். நீங்க இரிங்க. சாமான் உங்கட, கழட்டிக்கிட்டு போறதெண்டா போங்க. இல்லாட்டி கை வைக்காம இருங்க."

என்னை நம்பிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவு நேரம் நான் கத்தியதற்கு வேறு யாராக இருந்தாலும் பொருளைக் கையில் தந்து அனுப்பியிருப்பார்கள்.

அன்பானவர்களே, என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய ஊழியம் அந்த இருபது நிமிடம்தான். கதிரையில் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன். வயர் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்தது. இலக்கம் அசையவே இல்லை. நின்றுவிட்டதா? அமத்திப் பார்ப்போமா? ஜெபிக்க வாய் திறந்தேன், வழக்கமான வார்த்தை எதுவும் வரவில்லை. இத்தனை நாளும் நான் ஜெபித்ததெல்லாம் 'காட்டும், இப்போதே காட்டும்' என்றுதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கர்த்தரிடம் கொடுத்ததை ஒவ்வொரு நாளும் திருப்பிப் பறித்துத் திறந்து பார்த்திருக்கிறேன். "ஆண்டவரே, அண்ணன் உம்முடையவர். இந்தத் தட்டும் உம்முடையது. 'காட்டும்' என்று நான் இனிக் கேட்க மாட்டேன்" என்றேன். அவ்வளவுதான் ஜெபம். பிறகு சும்மா அழுதுகொண்டிருந்தேன். ஃபைஸர் நானா தொப்பியோடு திரும்பி வந்தபோது திரையில் அறுபத்துமூன்று. நான் எழும்பிப் பஸ்ஸுக்குப் போனேன்.

அதற்குப் பிறகு நான் கோல் எடுக்கவில்லை. சத்தியமாக எடுக்கவில்லை. மனது அமைதியாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எடுக்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கை கழுவிக்கொண்டிருந்த நேரம் ஃபோன் அடித்தது. "டீச்சர், எழுத்துப் புத்தகம் மாதிரி ஃபோட்டோ ஈக்கு, வந்து பாருங்க."

எல்லாம் வரவில்லை. என் மகனின் சின்ன வயதுப் படங்கள் ஒன்றுகூட இல்லை. பள்ளிக்கூடத்துப் பாட்டுகள், கலைவிழா வீடியோ எல்லாம் போனது போனதுதான். பதிவேட்டுப் பக்கங்களில் பாதிக்கு மேல் வெறும் சாம்பல் நிறம். ஃபைஸர் நானா ஒவ்வொன்றாகத் திறந்தார். எங்கள் பக்கம் வந்தது. கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பல். மேலே நான்கு வரி மட்டும் தெளிவாக இருந்தது. மூன்றாம் வரி நான். ஸ்டெல்லா மேரி, தகப்பன் பெயர், தாய் பெயர். அண்ணனின் தகப்பன், அண்ணனின் தாய். என் அம்மா.

நான் அந்தப் பெயரை வாய்விட்டு வாசித்தேன். பெரியம்மா என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு அடக்கம் செய்தவளை, அந்தக் கடையில் வைத்து முதல்முறையாக அம்மா என்றேன். ஃபைஸர் நானா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நான் ஸ்தோத்திரம் என்றேன்.

அந்தப் பதிவை எழுதிய பழைய போதகர் கண்டியில் ஓய்வாக இருந்தார். தன் கையெழுத்தைப் பார்த்து அடையாளம் சொல்லி, சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசியில் ஒப்பமிட்டார். எங்கள் போதகர் ஐயா சபை முத்திரையோடு சான்று கொடுத்தார். ஆஸ்பத்திரி ஏற்றுக்கொண்டது. தை மாதம் சத்திரசிகிச்சை நடந்தது. அண்ணன் இப்போது பஸ்ஸிலிருந்து தானாக இறங்குகிறார். நோயில் இருந்தபோதே அடங்காத வாய் இப்போது இன்னும் கூடியிருக்கிறது. "உன்னோடத வச்சதுல இருந்து எனக்கும் ஒரு இடத்துல இருக்க முடியல்ல பாப்பா" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்.

உங்களில் யாராவது இன்று ஏதோ ஒன்றைக் கர்த்தரிடம் ஒப்படைத்துவிட்டு, நிமிடத்துக்கு ஒரு தரம் திறந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். ஜெபத்தைக் குறையுங்கள் என்று நான் சொல்லவில்லை. கையை எடுங்கள். அவர் அனுப்புகிற ஆள் உங்கள் சபையாளாக இல்லாவிட்டாலும் அவரை வேலை செய்ய விடுங்கள். தனியாகப் பொறுத்திருக்க முடியாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள், வந்து பக்கத்தில் உட்காருகிறேன். பொறுத்திருப்பது எனக்கு இன்னும் லேசான வேலை இல்லை.

சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். நோயாளிக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. நாற்பத்தொரு வருஷம் எந்தக் கடதாசியிலும் எழுத முடியாததை அதில் எழுதினேன். கூடப் பிறந்த தங்கை.