பூவிழி அசெம்பிள் பண்ணிய கம்ப்யூட்டர்

நல்லம்பள்ளிப் பூவிழிக்கு நகை, புடவை எதன் மேலும் ஆசை கிடையாது. ஆசையெல்லாம் கம்ப்யூட்டர் மேல்தான். மற்ற பெண்கள் செல்போனில் கோலமும் குழம்பும் பார்த்தால், இவள் கம்ப்யூட்டருக்குள் வைக்கப் புதிதாக எந்த ஃபேன் வந்திருக்கிறது, எந்த ஆப் போட்டால் வேகம் கூடும் என்று பார்த்துக்கொண்டு கிடப்பாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் தெரியாது.

சரக்கு ஆட்டோ ஓட்டும் அவள் புருஷன் மாயவன், "என்னக் கட்டுனதுக்கு அந்தப் பொட்டியையே கட்டியிருக்கலாம் நீ" என்பான்.

"அதுக்கு வாய் கெடையாது. கட்டியிருக்கலாந்தான்" என்பாள் இவள்.

உள்ளதைச் சொன்னால், கைவேலை சுத்தம். வைத்திருப்பது ஜெராக்ஸ் கடைதான். ஆனால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வேண்டுமென்றால் உதிரி உதிரியாக வாங்கி அவள்தான் அசெம்பிள் பண்ணிக் கொடுப்பாள். ஒரே ஒரு கெட்ட பழக்கம். கம்பெனிக்காரன் வைத்த வேகத்தோடு விடமாட்டாள். செட்டிங்கில் நுழைந்து கொஞ்சம் ஏற்றி வைத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

அந்தப் பழக்கம்தான் இந்த முறை அவளை அலைய வைத்தது.

பென்னாகரத்தில் துணி தைக்கும் வஹிதா அவளுக்குச் சிநேகிதி. வஹிதாவின் மகள் ஆஷிகாவுக்கு வீட்டிலிருந்தே வீடியோ எடிட் பண்ணும் வேலை, பெங்களூர் கம்பெனியில், கிடைக்கிற மாதிரி இருந்தது. ஒரு கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டிச் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும். பிடித்தால் வேலை. அதற்காகப் பூவிழி ஒரு கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுத்தாள். பக்கத்தில் கண்ணாடி, உள்ளே கலர் கலராக எரியும் ஃபேன், பார்க்கப் பண்டிகைப் பந்தல் மாதிரி. வழக்கம்போல் வேகத்தையும் ஏற்றிவிட்டு வந்தாள்.

மறுநாளே ஆஷிகாவிடமிருந்து போன். "அத்த, கொஞ்ச நேரம் நல்லா ஓடுது. அப்புறம் பொசுக்குன்னு ஆஃப் ஆயிடுதுங்க."

ஓடிப் போனாள் பூவிழி. அவள் உட்கார்ந்திருந்த வரைக்கும் ஜம்மென்று ஓடியது. வீடு திரும்பினால் மறுபடி போன். மறுபடி போனால் மறுபடி ஒழுங்காக ஓடியது. ஏற்றிய வேகத்தை இறக்கிப் பார்த்தும் அதே கதை. வேகம் ஏறினால் சூடும் ஏறும்; தான் முறுக்கிய முறுக்கில் உள்ளே சிப்பே வெந்துவிட்டதோ என்று நினைத்தாள். சோறு இறங்கவில்லை. ஒரு பெண்ணின் பிழைப்பில் கை வைத்துவிட்டோமே!

சனிக்கிழமை காலையிலும் பென்னாகரம் போனாள். அவள் கண் முன்னால் அது சமர்த்தாக ஓடியது.

"ஏன் பூவிழி, உன்னக் கண்டா மட்டும் அதுக்குப் பயமா?" என்று வஹிதா சிரித்தாள்.

பூவிழி சிரிக்கவில்லை. கொடுத்த டீயையும் தொடவில்லை. கம்ப்யூட்டரின் சூட்டைத் தன் செல்போனில் காட்டுகிற ஒரு ஆப்பைப் போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து போனைப் பார்த்தாள். ஐம்பதில் இருந்த சூடு எழுபதுக்கு ஏறியிருந்தது. டிரைவர் வருவதற்குள் தொண்ணூறு. அவள் குதித்து இறங்கி, வந்த வழியே ஓடினாள்.

கூப்பிடாமல் கொள்ளாமல் நேரே உள்ளே நுழைந்தாள். ஆஷிகா ஸ்கிரீனைப் பார்த்து வேலை செய்துகொண்டிருந்தாள். பக்கத்தில் கம்ப்யூட்டர் பெட்டி, கழுத்திலிருந்து கால் வரை மெரூன் வெல்வெட்டில் உறை போட்டு நின்றது. அடியில் கொசுவம், ஓரத்தில் ஜரிகை.

"இது என்னாடி?"

"உறைதான்" என்றாள் வஹிதா. "புதுப் பொருளாச்சே, தூசி படலாமா? அந்த லைட்டப் பாத்துட்டுத் தெருவே ஜன்னல்ல வந்து நிக்குது. கண்ணு படாதா?"

"நான் வர்றப்ப எங்க போச்சு இது?"

"நீ வர்றப்பக் கழட்டிடுவேன். நீ செஞ்ச பொருள உங்கிட்டயே மூடியா காட்டுறது?"

பூவிழி சுற்றிலும் பார்த்தாள். அந்த வீட்டில் ஃபிரிட்ஜ், மிக்ஸி எல்லாமே உறை போட்டுத்தான் இருந்தன. பூவிழி வீட்டு ஃபிரிட்ஜும் அப்படித்தான். கம்ப்யூட்டரின் உறையை உருவி எறிந்து கண்ணாடியில் கை வைத்தாள். தோசைக்கல்.

"சித்திரை வெயில்ல உனக்குக் கம்பளி போத்தி வுட்டா நிப்பியாடி? மூச்சு வுட வழியில்லாம மயக்கம் போட்டு வுழுந்திருக்குது அது!"

போனில் சூடு இறங்கியது. எண்பது, அறுபது, ஐம்பது. பெட்டி அணையவில்லை. பூவிழி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான் கெடுக்கல. அய்யோ, நான் கெடுக்கலடி!"

"அப்ப நாந்தான் கெடுத்தனா?" வஹிதாவின் முகம் சுண்டிப்போனது.

"நீ நல்லாத் தச்சுட்ட, அதான் தப்பு. காத்துகூட நொழைய முடியல."

"சண்டைய அப்புறம் வெச்சிக்கோங்க" என்றாள் ஆஷிகா, திரும்பாமல். "நான் வேலைய முடிக்கணும்."

சாயங்காலத் தொழுகைக்கு முன்பே வீடியோ போய்ச் சேர்ந்தது. சற்று நேரத்தில் பதிலும் வந்தது. திங்கட்கிழமையிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.

வஹிதா வைத்த குஸ்காவைப் பூவிழி மூன்று நாள் பசியோடு அள்ளிச் சாப்பிட்டாள். இன்னொரு தட்டும் கேட்டு வாங்கினாள்.

"ஆஃப் பண்ணதுக்கப்புறம் உறை போடலாமில்ல?" என்று வஹிதா மெதுவாகக் கேட்டாள்.

"ஆறுனதுக்கப்புறம் போடு."

கையைக் கழுவிவிட்டு வந்த பூவிழி, கிளம்புவதை விட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செட்டிங்கைத் திறந்தாள்.

"மறுபடியும் எதுல கை வெக்கற?"

"வேகத்த எறக்கி வெச்சிருக்கறேன் இல்ல? ஏத்தி வுட்டுட்டுப் போறேன்" என்றாள். இல்லாவிட்டால் அன்றைக்கும் அவளுக்குத் தூக்கம் வந்திருக்காது.