கேட்டில் தொங்கிய சிவப்பு டேக்

காத்து கருப்பு சமாசாரமெல்லாம் என்னிடம் எடுபடாது. நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். மிஷின் தானாக ஓடுகிறது என்று யாராவது அலறினால், எந்த வயரில் கோளாறு என்று பார்க்கிற ஆள். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், கேளுங்கள். நடுவில் சிரித்தீர்கள் என்றால் பாதியிலேயே எழுந்து போய்விடுவேன், அதையும் சொல்லிவிட்டேன்.

எனக்கு ஹெர்னியா ஆபரேஷன் ஆகியிருந்தது. வயிற்றுக்குள் வலை வைத்துத் தைத்து அனுப்பினார்கள். குனியாதே, கனம் தூக்காதே, இருமல் வந்தால்கூடத் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு இருமு என்றார் டாக்டர். எங்கள் வீடு கவரைப்பேட்டையில். மனைவி ஸ்டெல்லா விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறிவிடுவாள், மகள் ஜெனி பள்ளிக்கூடம் போய்விடுவாள். பகலெல்லாம் வீட்டில் நான், என் தலையணை, அப்புறம் பட்டாசு.

பட்டாசு என்பது நாய். ஒரு வயதுகூட ஆகாத நாட்டு நாய், ஒரு இடத்தில் நிற்காது. தூங்கும்போதுகூடக் கால் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் சந்து போய் முடிகிற இடம் ஹைவே. அங்கேதான் அதன் தாயை லாரி அடித்துப் போட்டது, பக்கத்தில் கத்திக்கொண்டிருந்த குட்டியை ஜெனி மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். தினமும் பள்ளிக்குக் கிளம்பும்போது அவளுக்கு ஒரே பாட்டுதான்.

"அப்பா, அத்த ரோட்டுக்கு மட்டும் உட்டுடாதப்பா. சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணிவிட்டேன், ஆனால் எப்படிக் காப்பாற்றுவது? குனிந்து அதன் கழுத்துப் பட்டையைப் பிடிக்கக்கூட முடியாதவன் நான். வருகிறவன் போகிறவன் எல்லாம் கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறான். கேட் கிரீச்சிட்டால் எனக்குத் தையல் சுரீர் என்று இழுக்கும். வலியைவிட அந்தப் பயம்தான் என்னைப் படுக்க விடவில்லை.

அப்போதுதான் டேக் ஞாபகம் வந்தது. எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. மிஷினுக்குள் கை வைப்பதற்கு முன்னால் சுவிட்சை அணைத்து, அதில் நம் பெயரும் போட்டோவும் உள்ள சிவப்பு டேக்கை மாட்ட வேண்டும். மாட்டியவன்தான் கழற்றலாம். மேனேஜரே வந்தாலும் மற்றவன் தொடக் கூடாது. நான் லீவில் இருக்கும்போது என் டேக்கை வேறு எவனாவது எடுத்து மாட்டிவிடக் கூடாதே என்று, கடைசி ஷிஃப்ட் முடிந்து வரும்போது டேக் மாட்டும் போர்டிலிருந்து உருவிப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். அதைக் கேட்டில் மாட்டினால், பார்க்கிறவன் கேட்டைச் சாத்திவிட்டாவது போவான் என்று எடுத்துப் போனால் கை நழுவிக் கீழே விழுந்தது. பட்டாசு அதைக் கவ்விக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓட, ஜெனி துரத்திப் பிடுங்கி வருவதற்குள் ஒரு மூலையைக் கடித்துக் குதறிவிட்டது.

அதையே மாட்டினேன். ஸ்டெல்லா பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னாய்யா, ஊட்டையும் கம்பெனி ஆக்கிட்டியா? போட்டோல கீறது நீயா, கரிச்சட்டியா?"

கிரீஸ் படிந்து போட்டோ, பெயர் எல்லாமே கறுத்துப் போயிருந்தது. சிவப்பு தெரிந்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு மத்தியானம் கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வந்து போனார். டேக்காவது ஒன்றாவது, கேட்டை ஆவென்று திறந்து போட்டுவிட்டுப் போய்விட்டார். நான் கட்டிலில் இருந்து எழுவதற்குள் பட்டாசு கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்ந்தது. சந்தில் ஒரு ஆடு போய்க்கொண்டிருந்தது, அதற்கு அந்தப் பக்கம் ஹைவேயில் லாரிகள் வரிசையாகப் போகிற சத்தம். தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு வாசற்படிக்கு வந்தேன். ஜெனிக்கு என்ன பதில் சொல்வேன் என்பது ஒன்றுதான் மனசில் ஓடியது.

நம்பினால் நம்புங்கள், அவ்வளவு வேகமாக ஓடின நாய், கேட் சாத்துகிற கோட்டில் டக்கென்று நின்றது. சறுக்கவில்லை, திரும்பவில்லை. யாரோ எதிரே நின்று உள்ளங்கையைக் காட்டியது மாதிரி நின்று, அப்படியே உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்து, ஆள் உயரத்துக்கு மேலே எதையோ அண்ணாந்து பார்த்துக்கொண்டு வாலை ஆட்டியது. ஆடு அதன் மூக்குக்கு நேராகக் கடந்து போனது, கண்ணைக்கூடத் திருப்பவில்லை. நான் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய்ச் சேருகிற வரைக்கும் அப்படியேதான் இருந்தது. கேட்டைச் சாத்திய பிறகுதான் எழுந்து என் காலை நக்கியது.

கேட்டில் சாய்ந்து நின்றேன். சும்மா கை டேக்கைப் பிடித்துக்கொண்டது, கட்டை விரலால் கிரீஸைத் துடைத்தேன். போட்டோவில் இருந்தது நான் இல்லை. ஏழுமலை அண்ணன்.

ஏழுமலை அண்ணன் எங்கள் சீனியர் ஃபிட்டர், ஆரம்பாக்கத்துக்காரர். போன வருஷம் தூக்கத்திலேயே போய்விட்டார். போர்டில் அவர் கொக்கி என் கொக்கிக்குப் பக்கத்துக் கொக்கி, அவர் டேக்கைக் கழற்ற எங்கள் யாருக்கும் கை வரவில்லை. அவசரத்தில் பார்க்காமல் அதை உருவி வந்திருக்கிறேன். ரொம்பக் கறாரான மனுஷன். ஒருமுறை மிஷின் லைனை ஓட்டச் சொல்லி மேனேஜர் கத்தியபோது, உள்ளங்கையைக் காட்டி அவரையே நிறுத்திவிட்டார்.

"ஆளு உள்ள கீறான் நைனா. வேல முடிஞ்சதும் நானே கயட்டறேன்."

சாயங்காலம் ஸ்டெல்லா வந்ததும் சொன்னேன். என் நெற்றியில் எண்ணெய் பூசி ஜெபம் பண்ணினாள்.

"எடுத்துத் தூரப் போடுய்யா. எனக்கு பயமா கீது."

"எப்படிடீ எடுக்கறது? மாட்டுனது நான், பேரு அவுருது."

நானும் போய் நின்று பார்த்தேன், கை போகவில்லை. அது அப்படியே தொங்கியது. அதற்கப்புறம் கேட் எத்தனையோ தடவை திறந்து கிடந்தது, பட்டாசு கோட்டைத் தாண்டவே இல்லை. ஜெனி கயிற்றைப் பிடித்துக் கூப்பிட்டால்கூடக் கேட்டருகே உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கும். நாய்க்கு ஆபத்து இல்லையே என்று நிம்மதியாக இருக்க வேண்டியவன் நான். ஆனால் கேட்டுப் பக்கம் தனியாகப் போகவே பயந்தேன்.

கடைசியாக டாக்டர் வயிற்றைப் பார்த்து, எல்லாம் சரியாகிவிட்டது, வேலைக்குப் போகலாம் என்றார். நானும் ஸ்டெல்லாவும் ஆட்டோவில் திரும்பி வந்தால், சந்து முனையிலேயே பட்டாசு எங்களைப் பார்த்து ஓடி வருகிறது. பின்னால் ஜெனி கத்திக்கொண்டே வருகிறாள். ஹைவே பக்கம் போவதற்குள் ஸ்டெல்லா குதித்துப் பிடித்துவிட்டாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் கேட்டில் டேக் இல்லை. வீட்டில் இருந்த ஜெனி எடுக்கவில்லை, அன்றைக்கு யாரும் வரவில்லை என்றாள். அக்கம் பக்கம் கேட்டேன், சாக்கடை வரைக்கும் தேடினேன், கிடைக்கவில்லை.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் நேராக டேக் போர்டுக்குப் போனேன். என் டேக் என் கொக்கியில் இருந்தது. பக்கத்துக் கொக்கியில் ஏழுமலை அண்ணனுடையதும் தொங்கியது. கூட வேலை செய்கிற பாபுவிடம், இதை யார் கொண்டுவந்து மாட்டியது என்று கேட்டேன்.

"யாரு மாட்டணும்? அது எப்பவும் இங்கதான தொங்கினு கீது. இன்னாண்ணா, ஆப்ரேசன் வயித்துலயா தலையிலயா?"

அண்ணன் டேக்கைத் திருப்பிப் பார்த்தேன். போட்டோவில் என் கட்டை விரல் துடைத்த இடம் சுத்தமாக இருந்தது. மூலையில் பட்டாசின் பல் பதிந்திருந்தது.

இப்போது பட்டாசு வளர்ந்துவிட்டது, கயிற்றோடு ஒழுங்காக வெளியே வருகிறது. ஆனால் நான் கொஞ்சம் பலமாக இருமினால் போதும், எங்கே இருந்தாலும் ஓடிப்போய்க் கேட் கோட்டில் உட்கார்ந்துகொண்டு, அண்ணாந்து பார்த்து வாலை ஆட்டுகிறது. எனக்கு இன்னும் சரியாகவில்லை என்று அண்ணன் மறுபடி வந்து நிற்கிறாரோ என்னவோ, வீட்டில் இருக்கும்போது இருமல் வந்தால் அடக்கிக்கொள்கிறேன்.