கறுப்புப் பட்டி வழக்கும் புவனா அக்காவும்

ஆர்ச்வே சுரங்க ரயில் நிலையத்திலிருந்து மேலே ஏறி வெளியே வந்த பிறகுதான் கைத்தொலைபேசிக்கு உயிர் வந்தது. ஒரே எண்ணிலிருந்து பல தவறிய அழைப்புகள். புவனா அக்காவின் தம்பியின் எண். முருகன் கோவிலுக்குப் போகும் ஏற்றத்தில் ஓரமாக நின்று திருப்பி அழைத்தேன்.

"அக்கா காலமை போயிட்டா. நித்திரையிலேயே" என்றார். பிறகு, நான் ஒன்றும் கேட்காமலே, "நேற்றும் பக்கத்துக் கட்டில் மனிசிக்கு ஏன் மொழிபெயர்ப்பாளர் கூப்பிடேல்ல எண்டு நேர்ஸோட வாதாடிக்கொண்டுதான் இருந்தவ" என்றார்.

அழுகைக்கு முன்னால் எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவோடு பழகியவர்களுக்கு அது ஏன் என்று விளங்கும்.

புவனேஸ்வரி தம்பிராசா யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணியாகத் தொழில் தொடங்கியவர். லண்டனுக்கு வந்து, மறுபடியும் படித்து, இங்கும் சட்டத்தரணியானார். வெம்பிளியில் ஒரு நகைக்கடையின் மேல்மாடியில் இருக்கும் எங்கள் சட்ட ஆலோசனை நிலையத்தில் நான் குடிவரவு வழக்குகளைப் பார்த்தேன். அவர் வேலை, பாடசாலை தொடர்பான வழக்குகளைப் பார்த்தார். ஒரே அறை, எதிரெதிர் மேசைகள். அக்கா உழைத்தது பிரித்தானியச் சட்டத்தில். மனம் கிடந்தது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகளில். மதியச் சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு தீர்ப்பின் நகல் விரித்தபடி இருக்கும். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "இங்கத்தைய சட்டம் எனக்குத் தொழில், தம்பி. அங்கத்தையது எனக்குப் பாட்டுக் கேக்கிற மாதிரி" என்றார்.

அந்த நீதிமன்றக் கட்டடத்தை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. விசாவுக்கு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். தூதரகத்திலிருந்து நேரே அலுவலகத்துக்கு வந்து கோட்டைக் கழற்றி மாட்டினார். என்ன ஆறுதல் சொல்வதென்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவர் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார். "உள்ளுக்கு விடாட்டி என்ன, தீர்ப்பெல்லாம் வெளியிலதானே கிடக்கு."

அந்தத் தீர்ப்புகளை அவர் கதையாகச் சொல்வார். வேலையை விட்டு நிறுத்தப்பட்ட ஒருவர் ஒருநாள் வந்து, "எனக்காக ஆர் கதைக்கப் போகினம்?" என்று தலையைக் குனிந்தபடி இருந்தார். அக்கா அவருடைய கோப்பை ஓரமாகத் தள்ளி வைத்தார். அமெரிக்காவில் ஓர் ஏழைக் கைதி, வழக்கறிஞர் வைக்கப் பணமில்லாமல் தனியே வாதாடித் தோற்றவன், சிறையிலிருந்தே பென்சிலால் உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதிய கதையைத் தொடங்கினார். பாரிய குற்றம் சாட்டப்பட்டவனுக்கு வசதி இல்லையென்றால் அரசுதான் வழக்கறிஞரைக் கொடுக்க வேண்டும் என்று அந்த நீதிமன்றம் சொன்னது. வழக்கு மறுபடி நடந்தது. இந்த முறை வழக்கறிஞர் இருந்தார். அவன் குற்றமற்றவன் என்று வெளியே வந்தான். "அதே ஆள், அதே குற்றச்சாட்டு. பக்கத்தில ஒராள் எழும்பி நிண்டது மட்டும்தான் வித்தியாசம்" என்று முடித்தார் அக்கா. வந்தவர் தலையை நிமிர்த்தி, தன் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.

இனி விதுஷாவின் வழக்கு.

இந்த ஆண்டின் தொடக்கத்தில், வன்னியில் போர் இறுகிக்கொண்டிருந்த நாட்களில், தோர்ண்டன் ஹீத்திலிருந்து கணேசமூர்த்தி என்பவர் மகளோடு வந்தார். ஜெர்மனியில் பல காலம் இருந்துவிட்டு இங்கே வந்து பலசரக்குக் கடை நடத்துபவர். மகள் விதுஷா கையில் ஒரு கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு பாடசாலைக்குப் போயிருக்கிறாள். அரசியல் அடையாளங்களுக்கு அனுமதியில்லை, கழற்று என்றார்கள். கழற்றவில்லை. சில நாட்கள் இடைநிறுத்தினார்கள். திரும்பிப் போனபோதும் கட்டிக்கொண்டே போனாள். நிரந்தரமாக விலக்கிவிட்டார்கள். பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.ஈ. பொதுப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. பாடசாலையின் நிர்வாக சபையினரும் விலக்கியது சரி என்றார்கள். சுயாதீன மேன்முறையீட்டுக் குழு ஒன்றுதான் மிச்சம்.

"மன்னிப்புக் கேட்டு முடிச்சுவிடுவம் அக்கா. பிள்ளை படிக்கோணும்" என்றார் தகப்பன்.

அக்கா மகளைப் பார்த்தார். "ஏன் பிள்ளை கட்டினனி?"

"எங்கட பெரியம்மாவும் பிள்ளையளும் அங்க வன்னியில செல்லடிக்குள்ள நிக்கினம் அன்ரி. ஸ்கூல்ல ஒருத்தருக்கும் அது தெரியாது. நானாப் போய்ச் சொல்லவும் ஏலாமக் கிடந்தது. கட்டினா ஆராவது ஏன் எண்டு கேப்பினம் எண்டு நினைச்சன். கழட்டு எண்டு மட்டும்தான் சொன்னவை. ஏன் எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல."

அக்கா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு அவளுக்கு வியட்நாம் போர்க்காலக் கதையைச் சொன்னார். அமெரிக்காவில் மூன்று மாணவர்கள், அதில் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, போரில் இறந்தவர்களை நினைத்துக் கறுப்புப் பட்டி கட்டிப் பாடசாலைக்குப் போனார்கள். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. பாடசாலை வாசலைத் தாண்டினாலும் பிள்ளையின் பேச்சுரிமை பிள்ளையோடுதான் இருக்கிறது, படிப்புக்கு உண்மையான குழப்பம் வந்தால்தான் தடுக்கலாம், வந்துவிடுமோ என்ற பயம் மட்டும் போதாது என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். விதுஷா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தன்னைப் போல ஒருத்தி முன்பே இருந்திருக்கிறாள் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

அக்காவின் சிறுநீரகங்கள் அப்போதே கைவிட்டுவிட்டன. டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்து விசாரணைக்கு நாள் கேட்டு வாங்கினார். அன்று காலை, உள்ளே போவதற்குச் சற்று முன், பாடசாலையின் சட்டத்தரணி ஒரு சமரசத்தோடு வந்தார். இனிமேல் பட்டி கட்டமாட்டேன் என்று விதுஷா கையெழுத்து வைத்தால் உடனே திரும்பிச் சேரலாம். கணேசமூர்த்தி பேனாவைத் தேடினார்.

"பொறுங்கோ" என்றார் அக்கா. "இது உங்கட பிள்ளையின்ர வழக்கு." அவளிடம் திரும்பி, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். "தோத்தா இந்தப் பள்ளிக்கூடத்தில பரீட்சை எழுத ஏலாது. வேற இடம் நான் தேடித் தருவன், ஆனாக் கஷ்டம். கையெழுத்து வைச்சாலும் நான் உன்னைக் குறைவா நினைக்க மாட்டன். நீ சொல்லு."

விதுஷா தகப்பனைப் பார்த்தாள். "நான் வைக்கேல்ல அப்பா." கணேசமூர்த்தியின் கையில் அதற்குள் பேனா வந்திருந்தது. அதைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டார்.

உள்ளே, அமெரிக்க வழக்கை அக்கா எடுத்த உடனேயே எதிர்த்தரப்புச் சட்டத்தரணி குறுக்கிட்டார். "இது அமெரிக்கா இல்லை."

"தெரியும்" என்றார் அக்கா. "என்னை அமெரிக்காவுக்குள் விடவில்லை." குழுத் தலைவரே சிரித்துவிட்டார். அக்கா தொடர்ந்தார். "அந்தத் தீர்ப்பு உங்களைக் கட்டுப்படுத்தாது. கருத்தைச் சொல்லும் உரிமை எங்கள் சட்டத்திலேயே இருக்கிறது. அந்த நீதிபதிகளிடம் நான் இரவல் வாங்குவது ஒரு கேள்வியைத்தான். யாருடைய படிப்புக் குழம்பியது?"

பாடசாலையின் துணை அதிபர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஏதாவது பாடம் நின்றதா? இல்லை. சண்டை வந்ததா? இல்லை. "வரலாம் என்று அஞ்சினோம்" என்றார்.

"நவம்பரில் சட்டையில் சிவப்புப் பொப்பிப் பூக் குத்துவீர்களா?"

"ஆம்."

"மாணவர்களும்?"

"ஆம்."

"போரில் போனவர்களை நினைத்துத்தானே?"

துணை அதிபர் ஆமென்று தலையசைத்தார். பிறகு விதுஷாவின் பக்கம் பார்த்தார். நேர்மையான மனிதர், அவளை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

தீர்ப்பு வந்தபோது அக்கா டயாலிசிஸ் கட்டிலில் இருந்தார். தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். விலக்கியது செல்லாது, மாணவியை உடனே திரும்பச் சேர்க்க வேண்டும். மறுமுனையில் அக்கா போட்ட சத்தத்தில் தாதிமார் ஓடிவந்தது எனக்குக் கேட்டது. "ஒண்டுமில்லை, நல்லா இருக்கிறன். வழக்கு வெண்டிட்டன்" என்று அவர்களுக்கும் சொன்னார்.

விதுஷா பட்டியோடு திரும்பிப் போன நாள் மாலை அலுவலகத்தில் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தாள்; நானும் கேட்கும்படி அக்கா ஒலிபெருக்கியைப் போட்டார்.

"ஆரும் ஏன் எண்டு கேட்டவையோ பிள்ளை?"

"ஓம் அன்ரி. முழு வகுப்பும் கேட்டது. டீச்சர் எழும்பிச் சொல்லச் சொன்னவ. சொன்னன்."

அக்கா அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

பரீட்சையை அதே பாடசாலையில் எழுதி நன்றாகச் சித்தியடைந்தாள் விதுஷா. பெரியம்மா பிள்ளைகளோடு முகாமில் இருப்பதாகப் பின்னர் தகவல் வந்தது.

பரீட்சைக்கு முன்பே, வழக்கு முடிந்த கையோடு அக்கா ஒரு காரியம் செய்தார். அந்தச் சனிக்கிழமையே தோர்ண்டன் ஹீத்தில் கணேசமூர்த்தியின் கடைக்குப் போய், லட்டுத் தட்டு ஒன்றைக் காசு மேசையில் வைக்கச் சொன்னார். வருகிற ஒவ்வொருவருக்கும் கொடுத்து, என்ன வழக்கு, எப்படி வென்றோம் என்று சொல்லச் சொன்னார். அவர் கூச்சப்பட்டார். "சனம் என்ன நினைக்கும் அக்கா?"

"எங்கட சனம் செத்தவீட்டுக்கு ஊரைக் கூட்டும். வெண்டதை மட்டும் காதுக்குள்ள குசுகுசுக்கும். வெண்டா வெண்டம் எண்டு வாய்விட்டுச் சொல்லோணும், தம்பி. அப்பத்தான் அடுத்த ஆள் துணிஞ்சு வரும்."

முருங்கைக்காய் வாங்க வந்த ஒரு பெண் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கடை கொஞ்சம் ஓயும்வரை காத்து நின்றார். பிறகு அக்காவின் அருகே வந்து தன் வேலையிடத்துப் பிரச்சினையைச் சொன்னார். அந்த வழக்கையும் அக்கா வென்றார்.

அவருடைய சட்டப் புத்தகங்களை ஒரு நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். தீர்ப்புகளை அவரைப் போலச் சொல்ல எனக்கு வராது. அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அந்தச் சத்தம்.

போன வாரம், அக்கா இல்லாமல் நான் வென்ற முதல் வழக்கு. ஒரு தாய்க்கு இங்கே தங்கும் உரிமை கிடைத்தது. தீர்ப்பாயத்துக்கு வெளியே பஸ் தரிப்பில் நின்றபோது, அந்தப் பெண் வழக்கம்போலக் குரலைத் தாழ்த்தி நன்றி சொல்லத் தொடங்கினார். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தெருவுக்கே கேட்கும்படி, "வெண்டிட்டம்" என்றேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு என்னைவிட உரத்துச் சொன்னார்.