மரத்துப்போன கால்கள்

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு ‘எலி மாமா’ என்று பெயர். எலியின் தண்டுவடத்தைத் தாள்போல மெல்லிய சீவல்களாக அரிவார். கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி, தலைமுடியைவிட மெல்லிய முனையாக இழுப்பார். நுண்ணோக்கியில் பார்த்தபடி அந்த முனையை ஒரே ஒரு நரம்புச் செல்லின்மேல் ஒட்டவைப்பார். மேசையில் முழங்கை பட்டாலே போயிற்று, முதலிலிருந்து தொடங்க வேண்டும். மரத்துப்போகச் செய்யும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, செல்லுக்குள் பாயும் மின்னோட்டம் எவ்வளவு குறைகிறது என்று அளப்பதே பத்தொன்பது வருடமாக அவருடைய வேலை.

மனைவி வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைப்பவள். “எலியைப் பார்க்கிறதுல பாதி நேரம் என்னைப் பார்த்திருந்தா நான் எப்பவோ அழகாயிருப்பேன்” என்பாள்.

அவளுக்கு இடுப்பெலும்பில் புற்றுநோய் வந்தது. எந்த மாத்திரைக்கும் வலி அடங்காதபோது, மருத்துவர் முதுகில் மெல்லிய குழாய் வைத்து அதே வகை மருந்தை ஏற்றினார். சாயங்காலமே அவள் எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றாள்.

“அப்படி என்னதாங்க பண்ணுது இது?”

“நரம்புச் செல்லோட தோல்ல பொடிப்பொடியா கதவு இருக்கு. அது திறந்து, உப்புல இருக்கிற சோடியம் உள்ளே பாய்ஞ்சாத்தான் வலிங்கிற சேதி கிளம்பும். இந்த மருந்து போய்க் கதவை அடைச்சுக்கிட்டு நின்னுடும்.”

“வலிக்கு மட்டுமா கதவு?”

“தொட்டா தெரியறது, நடக்கிறது, எல்லாத்துக்கும்தான். கொஞ்சமா விட்டா வலி மட்டும் அடங்கும். கூடப் போனா…”

கட்டி வளர வளர மருந்தைக் கூட்ட வேண்டியிருந்தது. ஒரே மாதத்தில் இரண்டு கால்களும் மரத்துப்போயின. ஒருநாள் காலை, அவளுடைய பாதத்தை அவர் துடைத்துவிடுவதை அவள் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாரோட காலையோ துடைக்கிற மாதிரி இருக்குங்க. ஒரே ஒரு தடவை உங்க கை எனக்குத் தெரியணும். வலிச்சா வலிச்சுட்டுப் போகட்டும்.”

மருத்துவர் தயங்கினார். இவர் மன்றாடினார். மருந்து விலகும்போது பெரும்பாலும் அசைவும் தொடு உணர்வும் முதலில் திரும்பும், வலி பின்னால்தான் வரும், நடுவில் அரைமணி நேரமாவது கிடைக்கும் என்றார். கடைசியில் மருத்துவர் சம்மதித்தார்.

பத்து மணிக்கு மருந்தைக் குறைத்தார்கள். உச்சி வேளையில் கால்விரல் ஒன்று அசைந்தது. அவர் பாதத்தில் கை வைத்தார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: “இடது கால். கட்டைவிரல்கிட்ட. ஏங்க, கை இப்படிச் சில்லுன்னு இருக்கு?”

“பயமா இருக்கும்மா.”

அவள் சிரித்தாள். ஆறு நிமிடம் இருக்கும். அரைமணிக் கணக்கெல்லாம் பொய்யாகி, வலி வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக் கட்டில் கம்பியைப் பிடித்தாள். “இன்னும் அஞ்சு நிமிஷம்… கையை எடுத்துடாதீங்க.”

ஒரு நிமிடம் பொறுத்தார். அதற்குமேல் அவரால் முடியவில்லை.

“சிஸ்டர், ஏத்துங்க! சீக்கிரம்!”

கால் மறுபடி கட்டையானது. அவள் கோபப்படவில்லை. “நான் போதும்னு சொல்லலையே” என்று மட்டும் சொன்னாள்.

“நாளைக்கு மறுபடி பார்க்கலாம்.”

மறுநாள் காய்ச்சல் கண்டது. நினைவு தப்பியது. ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள், “வலி தெரியாமப் போனாங்க, அந்த மட்டுக்கும் புண்ணியம்” என்றார்கள். எல்லோருக்கும் தலையாட்டினார். மனைவியின் தங்கை அதையே சொன்னபோதுதான் வாய் திறந்தார்.

“உங்க அக்கா தாங்கிக்கிட்டாம்மா. நான்தான் தாங்கலை.”

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.