எண்ணூறு சிசியும் எங்கள் ஏற்றமும்

எங்கள் காருக்கு ஏற்றம் என்றால் ஆகாது. எண்ணூறு சிசி, மூன்று சிலிண்டர், தீப்பெட்டி போல உடம்பு. ஞாயிறுகளில் மாத்தளைச் சந்தைக்குப் போய்த் திரும்பும்போது, யட்டவத்தப் பக்கம் எங்கள் வீட்டுக்கு ஏறும் கடைசி வளைவில் முக்கி முனகி நின்றுவிடும். உடனே பின் சீட்டிலிருந்து உம்மாவும் என் மனைவியும் இறங்கி நடப்பார்கள். நான் அரிசிப் பையோடு தனியாக ஏறிப்போய் மேலே பலாமரத்தடியில் காத்திருப்பேன். அவர்கள் வந்துசேரப் பத்து நிமிடமாகும்.

எனக்கு அது பெரிய மானக்கேடு. காருக்குப் பைத்தியம் பிடித்தவன் நான் என்று ஊருக்கே தெரியும். பிளக் கழற்றித் துடைப்பதும் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவுவதும் நானேதான். ஒயில் மாற்றக்கூட யாரையும் கிட்ட விடமாட்டேன். அப்படிப்பட்டவன் வீட்டுப் பெண்களை நடுரோட்டில் இறக்கி நடக்கவிடுவதா?

ஆகவே எஞ்சினையே மாற்றினேன். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி அனுப்பப்படும் பழைய காரின் முன்பக்கத்தை இங்கே ஹாஃப் கட் என்போம். அப்படி ஒன்றிலிருந்து ஆயிரம் சிசி எஞ்சினைக் கியர் பெட்டியோடு எடுத்தேன். நாவுலயில் கராஜ் வைத்திருந்த மெக்கானிக், நான் குறுக்கே குறுக்கே பேசியதையெல்லாம் பொறுத்துக்கொண்டு வேலை செய்தார். எஞ்சினைத் தாங்கும் மவுண்ட்கள் பொருந்தவில்லை, வெட்டி வெல்ட் பண்ணினோம். ரேடியேட்டர் போதவில்லை, பெரிதாக ஒன்றை நுழைத்தோம். அதற்குப் பிறகு பொனட் மூட மறுத்தது. மூன்று வாரம் போயிற்று. கார்ப் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கத்தை மாற்ற அலைந்தது வேறு.

அடுத்த ஞாயிறு, எல்லோரையும் சுமந்துகொண்டு கார் அந்த வளைவில் ரெண்டாம் கியரிலேயே ஏறியது. பாராட்டை எதிர்பார்த்துக் கண்ணாடியில் பார்த்தேன். உம்மா ஒரு பக்கம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், மனைவி மறுபக்கம்.

"எப்படி உம்மா?"

"நல்லம், மகன்."

அவ்வளவுதான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

வீட்டில் சச்சரவு வளர்ந்தது அதற்குப் பிறகுதான். மனைவி கலேவெலப் பெண். கறிக்கு எவ்வளவு தேங்காய்ப்பால் விடுவது என்பதிலிருந்து அவளுக்கும் உம்மாவுக்கும் எதிலும் ஒத்துப்போகாது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமையோடு எல்லாம் ஆறிவிடும். இப்போது ஆறவில்லை. இரண்டடி தூரத்தில் உம்மா நிற்க, "மாமிக்கிட்ட சோறு ஆயிட்டுன்னு சொல்லுங்க" என்று என்னிடம் சொல்லுவாள். ஒருநாள் உடுப்புப் பையை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள்.

"திங்கக்கிழமை கலேவெலைக்குப் போறேன். கொஞ்ச நாள் இருந்துட்டு வாறேன்."

அந்தக் கொஞ்ச நாள் எத்தனை நாள் என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

அந்தத் திங்களுக்கு முதல்நாள் ஞாயிறு, சந்தையிலிருந்து திரும்பும்போது வளைவு வந்ததும் உம்மா என் தோளைத் தட்டினார்.

"நிப்பாட்டுங்க மகன். எஞ்சினுக்கு ஏலாது போல. நாங்க எறங்குறோம்."

"ஏலாதா? உம்மா, இது ஆயிரம் சிசி!"

"சத்தம் ஒரு மாதிரி கேக்குது."

மனைவி உம்மாவை ஒரு தரம் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து இறங்கினாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மேலே போய்ப் பொனட்டைத் தூக்கி, காதை வைத்துக் கேட்டேன். ஒரு குறையும் இல்லை. பத்து நிமிடம் ஆயிற்று, இருபது ஆயிற்று. ஒருவழியாக வந்தார்கள். உம்மா மனைவியின் முழங்கையைப் பிடித்திருந்தார். அவள் கண் சிவந்திருந்தது. ஆனால் இருவரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்று மாலை உடுப்புப் பை அலுமாரிக்குத் திரும்பியது.

பிறகொரு நாள் மனைவி சொன்னாள், எங்கள் மூத்தவள் வயிற்றில் இருப்பதை எனக்கும் முன்னால் உம்மாவிடம் சொன்னது அந்த ஏற்றத்தில்தானாம்.

"வீட்டுக்குள்ளதான் அவங்க மாமி. அந்த ஏத்தத்துல ரெண்டு பேரும் மூச்சு வாங்குற பொம்புளைங்க, அவ்வளவுதான்."

நான் மூன்று வாரம் கையைக் காயப்படுத்தி வெட்டி எறிந்தது எதை என்று அப்போதுதான் விளங்கியது. வெட்கமாக இருந்தது. ஆனால் அவள் அதைச் சொல்லும் முன்பே, எதற்கென்று சரியாக விளங்காமலேயே, வளைவு வந்ததும் நானே எஞ்சினை அணைக்கத் தொடங்கியிருந்தேன். "இன்னைக்கும் ஏலா போல" என்பேன். "பாவம், பழைய கார்தானே" என்று சொல்லிக்கொண்டே உம்மா செருப்பை மாட்டுவார். பல வருடம் இப்படியே போயிற்று. ஊரில் என் எஞ்சினுக்கு நல்ல பெயர் கிடைக்கவேயில்லை.

உம்மா மவுத்தாகி, அடக்கம் செய்து நாற்பது நாள் கழிந்தபின் முதல்முறையாகச் சந்தைக்குப் போனோம். திரும்பும்போது, இனி யாருக்காக என்று வளைவில் நிறுத்தாமல் மிதித்தேன்.

"நிப்பாட்டுங்க" என்றாள் மனைவி.

தனியாக இறங்கி நடந்தாள். எனக்கு மேலே போக மனம் வரவில்லை. காரை ஓரங்கட்டி, சில்லு உருளாமல் ஒரு கல்லை வைத்துவிட்டு அவளோடு சேர்ந்து நடந்தேன். பாதித் தூரம் ஏறினோம். பிறகு கேட்டேன்.

"ரெண்டு பேரும் இங்க அப்படி என்னதான் பேசுவீங்க?"

அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"வேறென்ன, உங்களப் பத்தித்தான்" என்றாள்.