அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டு

இங்கே ஆய்வகத்தில் ரப்பர் கிடையாது. ஜெர்மனிக்கு வந்த முதல் வாரமே கேட்டேன், சிரித்தார்கள். பேனாவால்தான் எழுத வேண்டும். தப்பானால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். தப்பை எல்லோருக்கும் காட்டி வைப்பதற்கு ஒரு நோட்டு. எரிச்சலாக வந்தது.

புதுக்கோட்டைப் பக்கம் நான் படித்த பொறியியல் கல்லூரியில் ரெக்கார்டு நோட்டில் ஓர் அடித்தல் இருந்தாலும் சார் அதை ஜன்னல் வழியே விட்டெறிவார். கம்பியை இழுத்து அறுத்து அதன் வலுவை அளக்கும் இயந்திரம் அங்கேயும் இருந்தது. ஆயுதபூஜைக்குத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்போம்; அது ஓடி நான் பார்த்ததில்லை. சீனியர் ரெக்கார்டைப் பார்த்துத்தான் ரீடிங் போடுவோம். ஒன்றிரண்டு எண்களை லேசாக மாற்றத் தெரிந்தவன் கெட்டிக்காரன். நான் முதலாவதாக வந்தது அந்தக் கெட்டிக்காரத்தனத்தால்தான். பிள்ளையை இன்ஜினியர் ஆக்கிவிட்டதாக ஊரில் பெருமைப்படுகிறவர்கள் ஒருநாள் அந்த லேபுக்குப் போய்ச் சுவிட்சைப் போட்டுப் பாருங்கள்.

போன மாதம் இங்கே வெல்டிங் வைத்த பன்னிரண்டு கம்பிகளை இழுத்தேன். மூன்று மட்டும் பாதிச் சுமையிலேயே அறுந்தன. என் கைதான் பிசகிவிட்டது என்று பயந்து, மற்ற ஒன்பதோடு பொருந்துகிற மாதிரி எண் போட்டு, எல்லாவற்றையும் புது நோட்டில் அழகாக எழுதினேன். என் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியை புரட்டிப் பார்த்தார்.

"ரொம்பச் சுத்தமாக இருக்கிறதே," என்றார்.

பாராட்டு என்று நினைத்து நன்றி சொன்னேன். அவர் இயந்திரத்தின் கணினியில் பதிவாகியிருந்த உண்மை எண்களை எடுத்து என் முன்னால் வைத்தார். அந்த மூன்று ஏன் அறுந்தன என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் ஆராய்ச்சியே. "இன்னொரு தடவை நடந்தால் உங்களுக்கு இங்கே இடமில்லை," என்றார், குரலை உயர்த்தாமல். அவர் மேல் கோபம் இன்னும் போகவில்லை. நோட்டை விட்டெறிந்த சார் மேல் அதைவிடக் கோபம். என் மேல் இருப்பதை எழுத வெட்கமாக இருக்கிறது.

நேற்று மதியம் சோதனையைத் திரும்பச் செய்துகொண்டிருந்தபோது தங்கை கூப்பிட்டாள். அவளும் அதே கல்லூரியில்தான் படிக்கிறாள்.

"அண்ணே, ஒன் பழைய ரெக்கார்ட ஆத்தா பரண்லேருந்து எடுத்துக் குடுத்துச்சு. கம்பி இழுக்குற பக்கத்தக் கரையான் தின்னுருச்சு. ரீடிங் ஞாபகம் இருக்கா?"

"மெஷின ஓட்டிக் காட்டச் சொல்லு. பொய் ரீடிங்லாம் நான் சொல்ல மாட்டேன்."

"அது எங்க ஓடுது? நாளைக்குப் பிராக்டிகல். சார் சைன் இல்லேன்னா உள்ளயே விட மாட்டாங்க. நீ மட்டும் பாஸ் பண்ணிட்டு அங்கிட்டுப் போயிட்டேல்ல?"

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். நான் ஒருநாளும் அளக்காத எண்கள், ஒன்றுகூட மறக்கவில்லை. நாலாவதைச் சொல்லும்போது எதிரே கம்பி படீரென்று அறுந்தது. பாதிச் சுமை. திரையில் தெரிந்ததை வலது கை அப்படியே நோட்டில் எழுதியது.

"என்னண்ணே சத்தம்?"

"கம்பி அறுந்துச்சு."

"சரி, அஞ்சாவது சொல்லு," என்றாள். சொன்னேன்.