மேட்ச் நாள் களி

கருப்பட்டியும் ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் போய்ச் சேரும் என்பது எனக்கு அப்போதே தெரியுமா? வேதியியலில் பட்டம் வாங்கியவள் நான். தெரிந்திருக்க வேண்டும். ஆனால் தெரிந்துதான் களி கிண்டிக் கொடுத்தேனா?

தொண்ணூற்று நான்கில் எங்கள் வீட்டுக்குக் கலர் டிவி வந்தது. மகளுக்கு அப்போது ஆறு மாதம். பிரசவத்துக்குப் பிறகு இடுப்பு விட்டுப்போய், குனிந்தால் நிமிர முடியவில்லை. எனக்காகத்தான் அன்று உளுந்தங்களி கிண்டினேன். வறுத்துத் திரித்த உளுந்து, உடன்குடிக் கருப்பட்டி, நல்லெண்ணெய். கூடத்தில் மாமனார் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் அந்த வீட்டுக்கு வந்த இரண்டு வருஷத்தில் "காப்பி", "தண்ணி" என்பதற்கு மேல் என்னிடம் பேசியதில்லை. அன்று வாசனைக்குத் திரும்பினார்.

"என்னம்மா கிண்டுத? எனக்கும் ஒரு உருண்டை கொண்டா."

அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. தயங்கி நின்றேன்.

"சீனியா போட்டிருக்க? கருப்பட்டிதான. அது ஒண்ணுஞ் செய்யாது."

எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வதுதான். சீனியை விட்டுவிட்டேன் என்று பெருமையாகச் சொல்பவர்கள் கருப்பட்டிக் காப்பியை இரண்டு டம்ளர் குடிப்பார்கள். கொடுத்தேன். அவர் உருண்டையை முடிப்பதற்குள், தோற்கவிருந்த ஆட்டத்தை நம் அணி ஜெயித்துவிட்டது.

அதிலிருந்து மேட்ச் என்றால் களி. காலையிலேயே அடுக்களை வாசலில் வந்து நிற்பார்.

"ஏம்மா, உளுந்து வறுத்தாச்சா? டாஸ் போடப் போறான்லா."

நான் கிண்டக் கிண்டக் கூடத்திலிருந்து ஸ்கோர் சொல்வார். என் கணவர் கேலி செய்வார்: "வயசுக்கு வந்த பிள்ளைக்குக் குடுக்கத இவருக்குக் குடுக்கா. அப்பாவுக்கு ஒரு தாவணி எடுத்துரலாமா?"

"போலே, நீ ஆபீஸ் போயிட்டு வந்து சட்டியச் சுரண்டு" என்பார் மாமா.

அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியிருந்தது. அந்த வீட்டில் நான் தொடங்கி வைத்த ஒரே வழக்கம் அது. மூன்று வருஷம் விடாமல் நடந்தது.

போன ஐப்பசியில் புதுச் செருப்பு கடித்து அவருடைய வலது கால் பெருவிரலில் புண் வந்தது. ஆறவில்லை, கறுத்தது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள்.

"வீட்ல இனிப்பு குடுப்பீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"எங்க வீட்ல சீனியே வாங்குறதில்ல டாக்டர்."

அது பொய்யில்லை. பக்கத்தில் நின்ற கணவர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். இன்றுவரை நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

அவரை வீட்டுக்குக் கூட்டி வந்த மறுநாள் மகள் போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தாத்தா, காலு எங்க?" என்றாள்.

"அவுட்டாயிட்டு, ஏட்டி" என்றார். அவர் மட்டும்தான் சிரித்தார்.

அடுத்த மாதம் மறுபடி மேட்ச்கள் தொடங்குகின்றன. நேற்று என்னைக் கூப்பிட்டார். "கருப்பட்டி வாங்கிப் போட்டாச்சாம்மா? டாக்டர் அத வேண்டாம்னு சொல்லலியே. நீயுந்தான கூட இருந்த." தலையை ஆட்டிவிட்டு, காலைத் துடைக்க உட்கார்ந்தேன். இடது குதிகாலில் ஒரு வெடிப்பு. விரலால் தொட்டேன். தொட்டதே அவருக்கு உறைக்கவில்லை, டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏதாவது சாக்குச் சொல்லி ஒரு மேட்சைத் தள்ளலாம். சீசன் முழுவதும் தள்ள முடியாது. டாக்டரிடம் நான் மறைத்ததை மாமாவிடம் சொன்னால்தான் களி கேட்பதை நிறுத்துவார். சொன்னால், ஒரு கால் எதனால் போனது, யார் கையால் போனது என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நான் கொடுக்கும் தண்ணீரையாவது வாங்கிக் குடிப்பாரா?

வீட்டில் இப்படி ஒருவரை வைத்துப் பார்த்தவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள். அவரிடம் இதை எந்த வார்த்தையில் தொடங்குவது? கணவரை வைத்துக்கொண்டு சொல்வதா, தனியாகச் சொல்வதா?